உப்புத் தண்ணீர் ஊரில் வெள்ளைத் தாள்: கூழ் நாரில் வெண்மையூட்டி பிடிக்கும் விதம் – முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளி பக்கம் நாங்கள் கைக்காகிதம் போடும் பட்டறைக்கு இரண்டு தண்ணீர். ஒன்று பனங்காட்டு ஓரத்துப் பழைய கிணறு. டிடிஎஸ் மீட்டரை முக்கினால் 1800 காட்டும். வாயில் வைத்தால் கரிக்கும். மற்றொன்று புதிதாகப் போட்ட போர், 900தான். நல்ல தண்ணீர் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் போர்த் தண்ணீரில் கூழ் கலக்கி வெண்மையூட்டி ஊற்றினோம். தாள் திட்டுத் திட்டாக, சில இடம் வெளுப்பும் சில இடம் மங்கலுமாக வந்தது. கரிக்கிற கிணற்றுத் தண்ணீரில் போட்ட அதே சரக்கோ ஒரே சீராக வெளுத்திருந்தது.

வெண்மையூட்டி மருந்தைக் குறை சொன்னோம், கூழ் அரைக்கும் பீட்டர் இயந்திரத்தைக் குறை சொன்னோம். உண்மையில் எங்களுக்குத் தெரியாமல் போனது, அந்த மருந்து நாரில் எப்படிப் பிடிக்கிறது என்பது. அது தெரிந்தபிறகு மற்றதெல்லாம் தானாகப் புரிந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் செய்முறைக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவசரமாக இருந்தாலும் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

நீலம் வேறு, இது வேறு

வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோம். சுண்ணாம்பு அடிக்கும்போதும் ஒரு சிட்டிகை நீலப்பொடி கலக்கிறோம். நீலம், துணியின் பழுப்பு மஞ்சளைத் தின்றுவிடுகிறது. கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிகிறது. ஆனால் துணியிலிருந்து திரும்பி வரும் மொத்த வெளிச்சம் குறையத்தான் செய்கிறது.

காகிதத்துக்குப் போடும் ஒளிர் வெண்மையூட்டி இந்த ஜாதி இல்லை. வெயிலில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை, அதாவது ஏறத்தாழ 340 முதல் 370 நானோமீட்டர் வரை உள்ளதை, அது உறிஞ்சிக்கொள்கிறது. அதை 420 முதல் 470 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியாக மாற்றி வெளியே விடுகிறது. மஞ்சளை மறைப்பதோடு, இல்லாத வெளிச்சத்தையும் கூட்டித் தருகிறது. 1929இல் ஜெர்மனியில் பால் கிரைஸ் என்பவர், குதிரைச் செஸ்நட் மரத்திலிருந்து எடுக்கும் எஸ்குலின் என்ற பொருளில் லினன் துணியை நனைத்தபோது அது வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரிவதைக் கண்டார். அங்கிருந்து தொடங்கியதுதான் இந்த வியாபாரம். நம் பக்கம் துணிக்காரர்கள் எல்லாவற்றையும் 'டினோபால்' என்பார்கள். அது ஒரு கம்பெனி வைத்த பெயர். இன்று பொதுப்பெயர் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது காகிதத்துக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் ஸ்டில்பீன் குடும்பம். நடுவில் ஸ்டில்பீன், இரு பக்கமும் டிரையசீன் வளையங்கள், அங்கங்கே சல்போனேட் தொகுதிகள். மூலக்கூறு நீளமாக, தட்டையாக இருக்கும். இந்தத் தட்டைத்தனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பு என்றால் என்ன

பசை போட்டு ஒட்டுவது போன்ற பிணைப்பு இங்கே இல்லை. நாரோடு நிரந்தரமான வேதிப் பிணைப்பு எதையும் வெண்மையூட்டி போட்டுக்கொள்வதில்லை. பக்கத்தில் படுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பனை ஓலையைக் கையாண்டவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஈரமான கீற்று ஒன்றின்மேல் இன்னொரு கீற்றை நீளவாக்கில் வைத்தால் முழு நீளமும் ஒட்டிக்கொள்ளும். அதே கீற்று மடங்கியோ சுருண்டோ இருந்தால் ஒரு மூலை மட்டும் தொடும். லேசாக உதறினாலே விழுந்துவிடும். செல்லுலோஸ் சங்கிலியும் நீண்ட நாடா போன்றதுதான். அதன் ஓரம் முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள். தட்டையான ஸ்டில்பீன் அந்த நாடாவின்மேல் நீளமாகப் படுக்கும்போது, இரண்டுக்கும் இடையே வான்டர்வால்ஸ் விசை முழு நீளத்துக்கும் வேலை செய்கிறது. டிரையசீன் பக்கத்து நைட்ரஜன்களுக்கும் நாரின் ஹைட்ராக்சிலுக்கும் நடுவே ஹைட்ரஜன் பிணைப்புகள் விழுகின்றன. ஒவ்வொன்றும் பலவீனமானதுதான், மொத்தமாகச் சேர்ந்தால் சாதாரண அலசலுக்குப் போகாத அளவுக்குப் பிடித்துக்கொள்கிறது. பருத்தியில் நேர்சாயம் பிடிப்பதும் இதே வழியில்தான்.

ஸ்டில்பீனுக்கு இரண்டு உருவம் உண்டு. டிரான்ஸ் உருவம் நேராக, தட்டையாக இருக்கும். நாரிலும் பிடிக்கும், ஒளிரவும் செய்யும். சிஸ் உருவம் கோணி மடங்கியது; பிடிப்பும் இல்லை, ஒளிர்வும் இல்லை. தண்ணீரில் கரைத்த மருந்தின்மேல் வெயில் பட்டால் நல்ல உருவத்தில் ஒரு பங்கு சில நிமிடங்களிலேயே மடங்கிப்போகும். அளவுக் குவளையில் மருந்தைக் கரைத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான். கேன் ஒளி புகாததாக இருக்கட்டும், கரைசலை நிழலில் கலக்குங்கள், கலந்தவுடன் ஊற்றுங்கள். நாரில் தட்டையாகப் படுத்துக் காய்ந்துவிட்டால் அவ்வளவு எளிதில் மடங்காது.

இனி தண்ணீர்ப் புதிர். கூழில் மிதக்கும் நார் எதிர்மின் கொண்டது. வெண்மையூட்டியும் சல்போனேட்டால் எதிர்மின்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். கிட்டே வந்தால்தானே படுக்க முடியும்? தண்ணீரில் சோடியம் உப்பு கொஞ்சம் இருந்தால், நேர்மின் சோடியம் அயனிகள் நாரைச் சூழ்ந்து அந்தத் தள்ளலை மட்டுப்படுத்துகின்றன. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது உப்பைக் கொட்டுவது இதற்காகத்தான். எங்கள் கரிப்புக் கிணறு இந்த உதவியைச் சும்மா செய்துகொண்டிருந்தது.

போர்த் தண்ணீரில் இருந்தது கால்சியம். கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் இரண்டு நேர்மின். கொஞ்சமாக இருந்தால் அவையும் உதவும். அதிகமானால் சல்போனேட்டுகளைக் கட்டி இழுத்து, பால் திரிவதுபோல மருந்தையே தண்ணீரில் திரிய வைத்துவிடும். திரிந்த மருந்து நாரில் படுக்காது. துகளாக எங்காவது ஒட்டும், அல்லது வடிநீரோடு போகும். திட்டு வந்தது அதனால்தான். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைச் சொல்லுமே தவிர, அது சோடியமா கால்சியமா என்று சொல்லாது. ஊரெல்லாம் அந்த மீட்டரை வைத்துக்கொண்டுதான் தண்ணீருக்குத் தீர்ப்புச் சொல்கிறோம்!

படி 1: கையிலிருக்கும் நாரை விளக்கில் பாருங்கள்

கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு ஒன்று வாங்குங்கள். 365 நானோமீட்டர் விளக்காக இருந்தால் நல்லது. இருட்டறையில் ஜெராக்ஸ் தாளைக் காட்டினால் நீலமாக எரியும். ரூபாய் நோட்டு எரியாது. அதன் தாளில் வெண்மையூட்டி கிடையாது, எண்களின் மையும் உள்ளே பதித்த இழைகளும் மட்டும்தான் மின்னும். இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கைக்காகிதத்துக்கு நாம் பெரும்பாலும் வாங்குவது திருப்பூர் பனியன் வெட்டுத்துணி. வெள்ளை வெட்டுத்துணியை விளக்கில் காட்டிப் பாருங்கள், அதில் பாதிக்குமேல் ஏற்கெனவே எரியும். ஆடைக்குப் போட்ட வெண்மையூட்டி அது. அதன்மேல் இன்னும் மருந்து ஊற்றுவது, உப்பு போட்ட குழம்பில் திரும்ப உப்பு போடுகிற கதை. எரிகிற மூட்டை, எரியாத மூட்டை என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். கலந்து அரைத்தால் தாளுக்குத் தாள் வெண்மை மாறும்.

பனை நார், வாழை நார், சீமைக்கருவேலக் கூழ் என்று நம் பக்கம் ஆசைப்படுபவர்கள் அதிகம். இவற்றில் நாரைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் இருக்கும். லிக்னின் தானே புற ஊதாவை உறிஞ்சிக்கொள்ளும், வெண்மையூட்டிக்கு மிஞ்சாது. நன்றாக வேகவைத்து வெளுத்த கூழானால் பரவாயில்லை. வெளுக்காத பனை நாரில் டினோபால் ஊற்றுவது வீண் செலவு. அதன் பழுப்பே அழகு. அதை அப்படியே விற்பதுதான் சரி என்பது என் கட்சி.

படி 2: தண்ணீரின் கடினத்தன்மையை அளந்து பாருங்கள்

சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்பது தோராயக் கணக்கு. துல்லியமாக வேண்டுமென்றால் இறால் பண்ணைக்கு மருந்து விற்கும் கடையில் சொட்டுச் சோதனைப் பெட்டி கிடைக்கும். நிறம் மாறும்வரை சொட்டு எண்ண வேண்டும், அவ்வளவுதான். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் விரும்பத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை. காகிதத்துக்கும் நான் அதே எண்களைத்தான் கோடாக வைத்திருக்கிறேன். 200க்குள் என்றால் கவலை இல்லை. 600 தாண்டினால் அந்தத் தண்ணீரில் மருந்தைக் கரைக்கவே மாட்டேன்.

இரும்பையும் கவனியுங்கள். வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்த தண்ணீர் செம்பழுப்பாக ஏடு கட்டினால், அது தாளின் வெண்மையைத் தின்னும், பெராக்சைடையும் வீணாக்கும்.

கடற்கரையில் இதற்கு நல்ல விடை மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் கூரைத் தண்ணீரை ஒரு சிண்டெக்ஸ் தொட்டியில் பிடித்து மூடி வையுங்கள். கூழ் முழுவதற்கும் அது போதாது. மருந்தைக் கரைக்கப் போதும். ஊருணித் தண்ணீரும் மென்மையானதுதான், ஆனால் அது குடிக்கிற தண்ணீர். அதில் பட்டறைக்காரன் கை வைக்கக் கூடாது.

படி 3: வெளுப்பின் மிச்சத்தைப் போக்குங்கள்

சின்னப் பட்டறைகளில் இன்றும் பிளீச்சிங் பவுடர்தான் ஓடுகிறது. அதில் இரண்டு சிக்கல். அது கால்சியம் ஹைப்போகுளோரைட். கூழுக்குள் கால்சியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். மிச்சமிருக்கும் குளோரின் வெண்மையூட்டியின் மூலக்கூறையே உடைத்துவிடும். மணம் போய்விட்டது என்பதை நம்பாதீர்கள். பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் தோய்த்த தாளில் பிழிந்த நீரைச் சொட்டினால், குளோரின் இருக்கும்வரை நீலக் கறுப்பாகும். சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் கரைத்து ஊற்றி, நிறம் வராமல் போகும்வரை சோதித்துப் பாருங்கள். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன அதே சரக்கு. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் குளோரின் போக்க இதைத்தான் போடுகிறார்கள் என்பதால் இந்தக் கரையில் தட்டுப்பாடே இல்லை. பிறகு நன்றாக அலசுங்கள்.

முடிந்தவர்கள் பெராக்சைடுக்கு மாறலாம். அதன் மிச்சம் வெண்மையூட்டியை இந்த அளவுக்குப் பாதிப்பதில்லை.

படி 4: பீட்டர்

அரைக்க அரைக்க நாரின் மேல்தோல் கிழிந்து சிலும்பு எழும். மருந்து படுக்க இடம் கூடும். ஆனால் மிகையாக அரைத்தால் தூள் நார் பெருகும். தூளுக்குப் பரப்பு அதிகம் என்பதால் மருந்தில் பெரும்பங்கை அதுவே பிடித்துக்கொண்டு, மோல்டு சல்லடை வழியாக வடிநீரோடு இறங்கிவிடும். தாளும் கண்ணாடி போல ஆகி ஒளி சிதறல் குறையும். அழைப்பிதழ் தாளுக்கு மிதமான அரைப்பு போதும்.

படி 5: எந்த மருந்து, எவ்வளவு

கடையில் 'பேப்பர் ஒயிட்னர்' என்று மட்டும் கேட்காதீர்கள். டை, டெட்ரா, ஹெக்ஸா என்று மூன்று வகை உண்டு. சல்போனேட் இரண்டா, நான்கா, ஆறா என்பதுதான் வித்தியாசம். டை வகைக்கு நாரின்மேல் ஈர்ப்பு மிக அதிகம். ஆனால் கரைதிறன் குறைவு, கடின நீரிலும் அமிலத்திலும் முதலில் திரிவது அதுதான். ஹெக்ஸா நன்றாகக் கரையும், நாரில் பிடிக்க மனமில்லாதது, பூச்சுக்குத்தான் லாயக்கு. டெட்ரா நடுவழி. ராமநாதபுரம் தண்ணீருக்கு நான் டெட்ராவைத் தவிர வேறெதையும் கூழில் போடுவதில்லை.

அளவுக்கு ஒரு கணக்கு: உலர்ந்த நார் 10 கிலோ, 4 சதவீதக் கூழ் என்றால் மொத்தம் 250 லிட்டர். திரவ மருந்து நார் எடையில் 0.2 சதவீதம் என்று தொடங்குங்கள். அதாவது 20 கிராம். அதை ஒரு லிட்டர் மழைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அடுத்த கொப்பரையில் 0.4, அதற்கடுத்து 0.6 என்று போய், மூன்று தாளையும் வெயில் படாத வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு அளவுக்குமேல் வெண்மை கூடாது, பச்சை தட்டும். நாரில் இடம் நிரம்பியபின் வரும் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு ஒளிர்வை அமுக்கும். அவற்றின் சொந்த நிறமும் வெளியே தெரியும். பச்சை வந்துவிட்டால் திரும்ப வழியில்லை. வெள்ளை போதவில்லை என்று மேலும் ஊற்றுபவர்கள் அந்தச் சரக்கைச் சாயத் தாளாகத்தான் விற்க வேண்டியிருக்கும்.

படி 6: ஊற்றும் வரிசை

பட்டறைகளில் அதிகம் தவறுவது இங்கேதான்.

வெண்மையூட்டி முதலில், கெட்டிக் கூழில், பீட்டர் ஓடும்போதே. பிறகு 15, 20 நிமிடம் வேறு எதையும் போடாமல் ஓட விடுங்கள். பிஎச் 7 முதல் 9க்குள் இருக்கட்டும். அந்த நேரத்தில்தான் மருந்து நாரைத் தேடிப் படுக்கிறது. படிகாரம், தாளில் மை ஊறாமல் தடுக்கும் ஏகேடி சைஸ், நேர்மின் ஸ்டார்ச், ஈரவலிமைப் பிசின் எல்லாமே நேர்மின் சரக்கு. மருந்து நாரில் படியாமல் இன்னும் தண்ணீரில் கரைந்து கிடக்கும்போது இவற்றில் ஏதாவது வந்தால், நாருக்குப் போக வேண்டியது இவற்றைக் கட்டிக்கொண்டு உருண்டுவிடும், ஒளிர்வும் அணையும். அதனால் அவை எல்லாம் பின்னால்தான்.

ரோசின், படிகாரம் என்ற பழைய சைஸ் முறைக்காரர்கள் வெண்மையூட்டி, ரோசின், கடைசியில் படிகாரம் என்று வையுங்கள். படிகாரம் பிஎச்சை 5 பக்கம் இறக்கும். அப்போது டை வகை என்றால் வெண்மை கண்ணெதிரே விழும். ஏகேடிக்கு மாறியபின் எங்களுக்கு மருந்துச் செலவே குறைந்தது.

நிரப்பி போடுவதானால் சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் கார்பனேட் நல்லது. படிகாரத்தோடு மட்டும் சேர்க்காதீர்கள், அமிலத்தில் நுரைக்கும். டைட்டானியம் வெள்ளை தாளை மூடிமறைக்கும், ஆனால் புற ஊதாவைத் தானே விழுங்கிவிடும். டைட்டானியத்தையும் வெண்மையூட்டியையும் சேர்த்துப் போடுவது காசைப் பிடித்துக் கடலில் எறிவதுதான்.

படி 7: பஞ்சுச் சோதனை

20 நிமிடம் கழித்து ஒரு கைப்பிடிக் கூழை எடுத்து, நீரைக் கிண்ணத்தில் பிழியுங்கள். மருந்துக்கடை உறிஞ்சு பஞ்சு ஒரு துண்டை அந்த நீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, பிழிந்து விளக்கில் காட்டுங்கள். அந்தப் பஞ்சில் வெண்மையூட்டி இருக்கக் கூடாது என்பது மருந்துத் தரம். வாங்கியதும் ஒரு தரம் விளக்கில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஊறிய பஞ்சு பளீரென்று எரிந்தால் மருந்து இன்னும் தண்ணீரில் இருக்கிறது என்று பொருள். இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அப்போதும் எரிந்தால் அளவு கூடிவிட்டது. பஞ்சு மங்கலாகவும் நார் பிரகாசமாகவும் இருந்தால் சைஸ் போடலாம். பஞ்சும் மங்கல், நாரும் மங்கல் என்றால் மருந்து திரிந்துவிட்டது, அல்லது குளோரின் தின்றுவிட்டது. படி 2க்கும் 3க்கும் திரும்புங்கள்.

குறுக்கு வழி ஒன்று: கூழில் போடாமல் தாளில் பூசுவது

உண்மையைச் சொன்னால், இப்போது எங்கள் பட்டறையில் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம். புற ஊதா தாளின் மேல்பரப்பில்தான் விழுகிறது. நடு நாரில் கிடக்கும் மருந்தால் பலன் குறைவு. காய்ந்த தாளை, ஸ்டார்ச் கஞ்சியிலோ பாலிவினைல் ஆல்கஹாலிலோ வெண்மையூட்டி கலந்த தொட்டியில் முக்கி எடுத்துக் காயவைத்தால் போதும். அந்தப் படலம் மருந்தைத் தட்டையாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். இதில் ஸ்டார்ச்சைவிடப் பாலிவினைல் ஆல்கஹால் கெட்டி. 250 லிட்டருக்குப் பதில் 20 லிட்டர் நல்ல தண்ணீர் இருந்தால் வேலை முடிந்தது. ஒரு வருஷ மழையில் பிடித்தது இதற்குத் தாராளம்.

படி 8: காயவைப்பதும் பார்ப்பதும்

நம் வெயிலில் தாளைக் கொடியில் போடாதீர்கள். சீக்கிரம் காயும்தான், வெண்மையூட்டி வெயிலுக்கு நிற்காது. ஓலைக் கொட்டகை நிழல், கடல்காற்று போதும்.

தாளைப் பார்க்கும் வெளிச்சமும் முக்கியம். கல்யாண அழைப்பிதழுக்குத் தாள் வாங்கிப் போனவர், கடை வாசலில் பாலாக இருந்தது மண்டபத்து எல்இடி விளக்கில் மங்கிவிட்டது என்று திரும்பி வந்தார். ஏமாற்றம் எதுவும் இல்லை. எல்இடி விளக்கில் புற ஊதா அநேகமாகக் கிடையாது. தூண்டுகிறவன் இல்லாவிட்டால் மருந்து ஒளிராது. வீட்டுக்குள் பார்க்கப்போகும் தாளுக்கு வெண்மையூட்டியைக் குறைத்து, துளி நீல ஊதாச் சாயம் சேர்ப்பதே மேல். கடைசியில் சொட்டு நீலத்திடமே போய் நிற்கிறோம். காப்பாற்றி வைக்க வேண்டிய ஆவணத் தாளுக்கும், ஓவியத் தாளுக்கும் வெண்மையூட்டியே வேண்டாம். வருஷம் போகப் போக ஒளிர்வு செத்து, நிறம் மாறும்.

வடிநீர்

ஸ்டில்பீன் மருந்துகள் எளிதில் மக்காதவை. பட்டறை வாய்க்கால் முடிகிற இடத்திலிருந்து மன்னார் வளைகுடா எத்தனை தூரம்? 21 தீவுகளோடு தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்ட கடல் அது. நம் பெண்கள் பாசி எடுக்க இறங்குகிற கடலும் அதுதான். தாள் எடுக்கும் கூழ்த் தொட்டியில் இறங்கும் வடிநீரைத் தொட்டியில் தெளியவிட்டு, அடுத்த வெள்ளைக் கொப்பரையைக் கரைக்க அதையே எடுங்கள். தூள் நாரும் திரும்பக் கிடைக்கும், அதில் பிடித்த மருந்தும் திரும்பக் கிடைக்கும். அந்த அளவுக்குப் புது மருந்தைக் குறைத்துக்கொள்ளலாம். பழுப்புத் தாள் போடும் நாளில் மட்டும் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். ஒருமுறை மறந்துபோய், பனை நார்த் தாள் முழுக்க விளக்கில் நீலப் புள்ளியாக மின்னியது.